தேக்கடி மூங்கில் தெப்பத்துக்கு எதுக்கு இம்புட்டு காசு?

கேள்வி, 2 மார்ச் 2024
மே லீவுக்கு கோயமுத்தூர்லேர்ந்து தேக்கடி போறோம். நாங்க ரெண்டு பேரு, பசங்க ரெண்டு பேரு (13, 9), எங்கம்மா. படகு டிக்கெட் கம்மியாத்தான் இருக்கு. மூங்கில் தெப்பம்னு ஒண்ணு சொல்றாங்க, அதுக்கு தலைக்கு பல மடங்கு கேக்குறாங்க, நடக்கவும் செய்யணும், துடுப்பும் போடணுமாம். ஈக்கோ டூரிசம்னு பேர வச்சு காசு புடுங்குறாங்கன்னுதான் எனக்குத் தோணுது. போனவங்க சொல்லுங்க. அப்புறம் யானை சவாரி எங்க நல்லாருக்கும்? பசங்ககிட்ட யானை காட்டுறேன்னு சொல்லிட்டேன்.

2 மார்ச், ராத்திரி
அவசரப்பட்டு தெப்பத்த வேணாம்னு முடிவு பண்ணிராதீங்க. நான் கம்பத்துக்காரன். எங்க ஊர்ல விருந்தாளி வந்தா மறுநா காலைல குமுளி மலை ஏத்தி தேக்கடி காட்டுறதுதான் வழக்கம், 20 வருசமா கணக்கு இல்லாம போயிருக்கேன். அந்தக் காசு எங்க போகுதுன்னு கேக்குறீங்கள்ல, அது சரியான கேள்வி. ஆனா அதே கேள்விய படகுக்கும், ஜீப்புக்கும், ரூமுக்கும், யானை சவாரிக்கும் சேத்து கேளுங்க. நாளைக்கு விவரமா எழுதுறேன், இப்ப கடைய அடைக்கணும்.

3 மார்ச், காலை
சொல்றேன். நான் முதல்தடவ தெப்பத்துல போனப்ப எனக்கும் உங்கள மாதிரியேதான் வயித்தெரிச்சல். காலைல 8 மணிக்கு முன்னாடி வரச் சொன்னாங்க, போனதும் முழங்கால் வரைக்கும் ஒரு துணி சாக்ஸ் குடுத்தாங்க, அட்டை ஏறாம இருக்க. கைடு ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், மூக்குப்பொடி டப்பாவ எடுத்து எல்லாரு சாக்ஸ் மேலயும் தட்டி விட்டாப்ல. என் கூட வந்த மச்சான் அஞ்சாறு தும்மல் போட்டு, காட்டுல இருந்த மிருகத்துக்கெல்லாம் நாங்க வர்ற சேதிய மொதல்லயே சொல்லிட்டான். தண்ணி பாட்டில், சாப்பாடு, கைடுங்க, கூடவே துப்பாக்கி வச்ச வனக்காவலர் ஒருத்தர். ஒரு மணி நேரத்துக்கு மேல நடந்துட்டு, அப்புறம் ஏரியில மூங்கில் தெப்பம்.

நடக்கும்போது ஒரு எடத்துல அந்த கைடு நின்னாப்ல. ஒரு மரத்த காட்டுனாப்ல. தொடை தண்டிக்கு இருந்துச்சு, ஒரு பக்கம் பட்டை வழவழன்னு, இன்னொரு பக்கம் நெஞ்சு உயரத்துல பெரிய தழும்பு, காயம் ஆறி சதை பொங்கி இருக்குமே அந்த மாதிரி. ஒரு இலைய கசக்கி மோந்து பாக்க குடுத்தாப்ல, பிரியாணி வாசம். காட்டு லவங்கப்பட்டை மரம், மலையாளத்துல வயணான்னு சொல்றாங்க. "சாரே, இது எங்க கை வேலைதான். பாதி உரிக்கிறப்பவே ஃபாரஸ்ட்காரங்க வர்ற சத்தம் கேட்டுச்சு, போட்டுட்டு ஓடிட்டோம். அதான் இது பொழச்சுக்கிருச்சு, முழுசா உரிச்சதெல்லாம் நின்ன எடத்துலயே காஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டு அந்த தழும்ப தடவிக் குடுத்தாப்ல. மாட்ட தடவுற மாதிரி.

அங்குட்டு கைடா வர்ற எல்லாருமே ஒரு காலத்துல பட்டை உரிச்சு வித்தவங்கதான். கேசு, ஜெயிலு, கடன்னு ஓடிக்கிட்டு இருந்தவங்கள 90கள்ல ஃபாரஸ்ட்காரங்க கூப்புட்டுப் பேசி, கேச வாபஸ் வாங்கி, உனக்குத்தான் இந்தக் காட்டுல எந்த மரம் எங்க இருக்குன்னு தெரியும், நீயே காப்பாத்து, வர்றவங்களுக்கு காட்டு, சம்பளம் வாங்கிக்கன்னு சொன்னது. உங்க டிக்கெட்டு காசுல ஒரு பகுதி அங்கதான் போகுது.

அன்னைக்கு யானை பாக்கல. நீர்நாய் அஞ்சு பாத்தோம். ஏரிக்குள்ள மொட்ட மொட்டையா மரக்கட்டைங்க நிக்கும், 1895ல முல்லைப் பெரியாறு அணை கட்டி தண்ணி ஏறுனப்ப முங்குன காடு அது. அதுல ஒண்ணு மேல பாம்புத்தாரா றெக்கைய விரிச்சு காய வச்சுக்கிட்டு இருந்துச்சு, படகா இருந்தா அந்நேரம் இஞ்சின் சத்தத்துக்கே எந்திரிச்சிருக்கும். தெப்பம் பத்தடி பக்கத்துல போயும் அது கழுத்த மட்டும் திருப்பிப் பாத்துச்சு.

3 மார்ச், மதியம்
காலைல எழுதுனத திருத்திக்கிறேன். எல்லா கைடும் பட்டை உரிச்சவங்கன்னு எழுதிட்டேன், தப்பு. குமுளியில இருக்க பங்காளிக்கு ஃபோன் போட்டப்ப என்னைய நல்லா திட்டுனான். பட்டைக்காரங்க இருபத்து சொச்சம் பேருதான், அவங்களுக்குன்னு தனி கமிட்டி, 1998ல அவங்க ஆரம்பிச்சதுதான் டைகர் டிரெயில்னு சொல்ற ராத்திரி தங்கி நடக்குற பயணம். மத்த வேலைகள்ல மன்னான், பளியர்னு மலைவாசி ஆளுங்க நெறைய, அவங்க அந்தப் பட்டைக்காரங்க கூட்டம் இல்ல, அந்தக் காட்டுலயே பொறந்து வளந்தவங்க. அவங்கள பூராம் ஒரே மூட்டையில கட்டிட்டேன். மன்னிக்கணும்.

இன்னொண்ணு, இது ஏதோ ஒரு ஆபீசர் மனசு வச்சு நடந்த மாதிரி எழுதிட்டேன். 1996லேர்ந்து 2004 வரைக்கும் உலக வங்கி காசுல ஒரு திட்டம் நடந்துச்சு, காட்டை ஒட்டி இருக்க ஊருக்கு ஊரு கமிட்டி போட்டாங்க. அந்தத் திட்டம் முடிஞ்சப்புறமும் நின்னு போகாம இருக்கறதுக்குத்தான் டிக்கெட்டு காசு. அதத்தான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன், கதை சொல்ற ஆசையில விட்டுப்போச்சு.

5 மார்ச்
யானை சவாரி கேட்டிருந்தீங்க. இத எழுத ரெண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

மக நாலாப்பு படிக்கிறப்ப கூட்டிட்டுப் போனேன். குமுளி பக்கம் ஒரு எடம், பேரு வேணாம். இருபது நிமிசம், ஃபோட்டோவோட காசு. ஏறுறதுக்கு மேடை கட்டிருந்தாங்க, நாங்க மேல உக்காந்தோம். எறங்குனதும் பாப்பா யானை காலுக்குப் பக்கத்துல குந்தி உக்காந்துட்டா. சங்கிலி ஒரசுற எடத்துல தோல் உரிஞ்சு ரோஸ் கலர்ல இருந்துச்சு, அது மேல மஞ்ச கலர்ல என்னமோ மருந்து, அந்த மருந்து மேலயே சங்கிலி. "இதுக்கு வலிக்காதாப்பா"ன்னு கேட்டா. பாகன் பதில் சொல்றதுக்குள்ள அடுத்த குடும்பத்த மேடையில ஏத்திட்டாங்க. ஃபோட்டோவ வாங்கிட்டு வந்தேன், வீட்டுல எங்கயோ கெடக்கு, எடுத்துப் பாக்குறதில்ல. இப்ப அவ காலேஜ் படிக்கிறா.

பாகனும் உள்ளூர்க்காரர்தானே, அவரு பொழப்பு என்னாகும்னு கேப்பீங்க. கேக்கணும். காட்டுலேர்ந்து பிரிச்சு, சங்கிலியில கட்டி, நாள் முழுக்க ஆள சொமக்க வைக்கிறதுல கெடைக்கிற அவரு கூலி ரொம்ப சின்னது, லாபம் வேற ஆளுக்கு. சவாரி வேணாம்.

6 மார்ச்
தனியா கேட்டவருக்கு: ஆமா, இப்ப சொந்த வண்டிய படகுத்துறை வரைக்கும் விடுறதில்ல. ஆனவச்சால் பார்க்கிங்ல நிறுத்திட்டு ஃபாரஸ்ட்காரங்க பஸ்ல போகணும். எரிச்சலா இருக்கும், பொறுத்துக்கங்க. முன்ன அந்த ரோட்டுல காரு வரிசை கட்டி நிக்கும், மரத்துல கருமந்தி இருக்கும், கீழ ஆரன் சத்தம். இப்ப கருமந்தி சத்தம் கேக்குது.

கொரங்குக்கு சிப்ஸ் போடாதீங்க, கைய நீட்டிக் குடுத்துட்டு அது பறிச்சா மட்டும் கத்துறீங்க.

9 மார்ச்
பசங்ககிட்ட யானை காட்டுறேன்னு சொல்லிட்டதா நீங்க எழுதுனது மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. எங்க ஊருக்கு யானையே வந்துச்சு, அத சொல்லணும்.

அரிக்கொம்பன். சின்னக்கானல் பக்கம் ரேசன் கடைய ஒடச்சு அரிசி தின்ன யானை, அதான் அந்தப் பேரு, மலையாளத்துல அரின்னா அரிசி. அத புடிச்சு கழுத்துல காலர் மாட்டி போன வருசம் ஏப்ரல் கடைசியில பெரியாறு காட்டுல கொண்டாந்து விட்டாங்க. அது நடந்து நடந்து ஜூன்ல ஒருநா காலைல கம்பம் டவுனுக்குள்ள வந்துருச்சு. தெருவுக்குள்ள ஓடுது, ஆட்டோவ தள்ளுது. 144 போட்டாங்க. நாங்க பூராம் மொட்டைமாடியில. நானுந்தான். கையில ஃபோன். கத்துறாங்க, விசில் அடிக்கிறாங்க, ஒருத்தன் ட்ரோன் பறக்க விட்டு அந்தச் சத்தத்துல அது இன்னும் மிரண்டு ஓடுச்சு, அவன போலீஸ் புடிச்சாங்க. அதுல அடிபட்ட ஒருத்தர் ஆஸ்பத்திரியில எறந்தே போனாரு, கம்பத்துக்காரரு.

எடுத்த வீடியோவ ராத்திரி பாத்தேன். யானை ஆள தேடி ஓடல. எங்குட்டு போனா வெளிய போலாம்னு தேடுது, ஒவ்வொரு சந்துலயும் ஆளு, திரும்புது, அடுத்த சந்து, அங்கயும் ஆளு. பின்னாடி என் கொரல் கேக்குது, "இந்தா இங்குட்டு வருது, எடு எடு"ன்னு. அந்தக் கொரல எனக்கே கேக்கப் புடிக்கல.

அதுக்கப்புறம் காட்டுல போறப்ப யானைய காட்டுங்கன்னு யாருகிட்டயும் கேக்குறதில்ல. தெரிஞ்சா தெரியட்டும். கேக்குற ஆளு இருக்கறதாலதான் ஜீப்பு வேகமா போகுது. மூணு வருசம் முன்னாடி ஒரு ஜீப்புல போனோம், ரோட்டோரம் குட்டியோட நாலு யானை, டிரைவர் ஆரன் அடிச்சு திரும்ப வச்சாப்ல, நாங்க ஃபோட்டோ எடுக்க. அவரும் உள்ளூர்தான், வண்டி லோன் இருக்கு, டிப்ஸ நம்பித்தான் ஓட்டுறாப்ல. பாவந்தான். ஆனா அந்த யானைங்க பயந்து நாளைக்கு வேற மலைக்குப் போனாலும் அவருக்கு இன்னைக்கு டிப்ஸ் வந்துருச்சு. தெப்பத்துக்காரருக்கு அப்படி இல்ல, நாளைக்கும் அது அதே கரைக்கு தண்ணி குடிக்க வரணும். உள்ளூர் ஆளுக்கு காசு போய்ச் சேந்துச்சுங்கிறதோட விட்டுறக்கூடாதுன்னு அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு.

9 மார்ச், சாயங்காலம்
தேதி தப்பு. ஜூன் இல்ல, மே 27. ஜூன் 5தான் மயக்க ஊசி போட்டுப் புடிச்சு முண்டந்துறை பக்கம் கொண்டு போனது. வீட்டுல சொன்னாங்க, அன்னைக்கு மாமா பொண்ணு நிச்சயதார்த்தம், மறந்துட்டீங்களான்னு.

10 மார்ச்
படகப் பத்தி கொஞ்சம் எளக்காரமா எழுதிட்டேனோன்னு தோணுது. நேத்து அம்மாகிட்ட இத வாசிச்சுக் காட்டுனேன். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. "அப்ப நாங்கெல்லாம் காட்டப் பாக்கக் கூடாதா"ன்னு கேட்டுச்சு. என்கிட்ட பதில் இல்ல. அம்மா காட்டெருமைக் கூட்டம் பாத்ததே படகுலேர்ந்துதான், கரையில இருபது உருப்படி, முழங்காலுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டு இருக்கு.

அதனால கேட்டவரு அம்மாவ படகுல ஏத்துங்க, ஒரு குத்தமும் இல்ல. ஆனா லைஃப் ஜாக்கெட்ட கழட்டக்கூடாது, ஒரு பக்கம் மிருகம் தெரிஞ்சா எல்லாரும் எந்திரிச்சு அந்தப் பக்கம் போகக்கூடாது. 2009 செப்டம்பர் 30ல ஜலகன்யகாங்கிற படகு கவுந்து 45 பேரு போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எங்க ஊர்லேர்ந்து ஆம்புலன்ஸ் ஏறிப் போன சத்தம் இன்னும் காதுல இருக்கு. படகுல சிப்பந்தி உக்காரச் சொன்னா உக்காருங்க, அவரு கடுப்புல சொல்லல.

17 மார்ச்
ரூம் கேட்டிருந்தாங்க ரெண்டு மூணு பேரு. ஹோம்ஸ்டே எடுங்க, காசு உள்ளூர் வீட்டுக்குப் போகும்னு எழுதலாம்னு ஆரம்பிச்சேன், அழிச்சுட்டேன். குமுளியில ஹோம்ஸ்டேன்னு போர்டு போட்ட பாதி எடத்துல வீடே இல்ல, லாட்ஜ்தான், மொதலாளி எங்கயோ இருப்பாரு. ஃபோன்ல ரெண்டே கேள்வி கேளுங்க: வீட்டுக்காரங்க அங்கயே குடியிருக்காங்களா, சமைக்கிறது யாரு. தடுமாறுனா விட்டுருங்க.

மிளகு. எல்லாரும் வாங்குவீங்க. குமுளி பக்கம் மன்னான், பளியர் குடியிருக்க மன்னாகுடி, பளியகுடி ஆளுங்களுக்கு மிளகுக்கொடிதான் சொத்து. முன்னெல்லாம் கொடி காய்க்கிறதுக்கு முன்னாடியே யாவாரிகிட்ட அடமானம், அவசரத்துக்கு வாங்குன கொஞ்சக் காசுக்கு வெளச்சல் பூராம் அவனுக்கு, அடுத்த வருசமும் அவனுக்கு. கமிட்டி வந்தப்புறம் அந்தக் கடன அடைச்சு கொடிய மீட்டாங்க. இது எனக்கு தெப்பத்த விட பெருசாப் படுது. ஆனா சுத்துலா வர்ற யாருக்கும் இது கண்ணுல படாது, ஃபோட்டோ எடுக்க ஒண்ணுமில்லையே. ரோட்டுக் கடையில "ஆதிவாசி மிளகு"ன்னு எழுதி வச்சிருந்தத நான் வாங்கி ஏமாந்திருக்கேன், எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டப்ப கடைக்காரரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. டிக்கெட் எடுக்கப் போற எடத்துலயே கமிட்டி மிளகு எங்க கெடைக்கும்னு கேட்டு வாங்குங்க.

வசந்த சேனையப் பத்தி யாரோ கேட்டாங்க. ஆமா உண்மை. பொம்பளைங்க முறை வச்சு காட்டுக்குள்ள ரோந்து போறாங்க, 2002லேர்ந்து, சந்தன மரத்துக்கு காவல். சம்பளம் இல்ல. வீட்டு வேலைய முடிச்சிட்டு சேலை மேல சட்டையப் போட்டுக்கிட்டு போறாங்க. ஏங்க்கா போறீங்கன்னு ஒருக்கா கேட்டேன். "காடு போனா தண்ணி போகும், தண்ணி போனா ஒங்க ஊரும் போகும்ல தம்பி"ன்னுச்சு ஒரு அக்கா. எங்க வயலுக்கு வர்ற தண்ணி அங்கேர்ந்துதான். தை பொறந்தா அணை கட்டுன பென்னிகுக்குக்கு பொங்கல் வைக்கிறோம், அந்த அக்காவுக்கு என்ன செஞ்சோம்னு யோசிச்சேன்.

24 ஏப்ரல்
நேத்து சித்ரா பௌர்ணமி, கண்ணகி கோயிலுக்குப் போயிட்டு வந்தோம், காலெல்லாம் வலி. தெரியாதவங்களுக்கு: மங்கலதேவி கண்ணகி கோயில் புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு, வருசத்துல ஒரே ஒரு நாள்தான் தெறப்பாங்க. குமுளியிலேர்ந்து ஜீப்பு, நம்ம பக்கம் பளியங்குடியிலேர்ந்து நடை. நான் நடந்தேன். பிளாஸ்டிக் பாட்டில கீழயே வாங்கி வச்சுக்கிறாங்க, பக்கத்துல ஒருத்தரு சண்டை, சாமி கும்புடப் போறவன சோதனை போடுறியான்னு. மேல தண்ணி வச்சிருந்தாங்க, தூக்குல புடிச்சுக் குடிச்சோம்.

பாதையில நாலு எடத்துல மிட்டாய் கவரு கெடந்துச்சு, எடுத்து பையில போட்டுக்கிட்டேன். ஒரு நாளைக்கே இப்படி. சபரிமலைக்கு எரிமேலியிலேர்ந்து அழுதா, கரிமலை வழியா நடக்குற பெருவழிப் பாதையும் இதே பெரியாறு காட்டுக்குள்ளதான், அங்க சீசன் பூராம் ஆளு. யானை உப்பு ருசிக்கு கவரோட சேத்து தின்னுருது. மாலை போடுற நம்மாளுங்க இத வாசிச்சா, இருமுடியில பிளாஸ்டிக் கட்டாதீங்க சாமி. வழியில உள்ளூர் கமிட்டிக்காரங்க கடை போட்டிருப்பாங்க, தாகத்துக்கு அங்கயே வாங்கிக் குடிங்க.

மன்னான் ஆளுங்க மதுரையிலேர்ந்து வந்தவங்கன்னு அவங்களே சொல்லுவாங்க, பாண்டிய ராசாவோட வந்ததா. அவங்க ஆடுற கூத்துல பாடுற கதை கோவலன் கண்ணகி கதை. தமிழ்லதான் பாடுறாங்க, பேச்சு கொஞ்சம் வேற மாதிரி, காது பழகிட்டா புரியும். போறவங்க கூத்து எங்கயாச்சும் நடக்குதான்னு கேட்டு உக்காந்து கேளுங்க. மதுரை எரிஞ்ச கதைய மதுரைக்காரங்க நாம மறந்தாலும் மலையில அவங்க பாடிக்கிட்டு இருக்காங்க.

11 மே
கேட்டவரு எங்க, கெளம்பிட்டாரா? கோடைமழை பேஞ்சிருக்கு, அட்டை இருக்கும். மூக்குப்பொடி ஒரு டப்பா வாங்கிக்கங்க. பெரியவன் ஓகே, சின்னவன தெப்பத்துல ஏத்துவாங்களான்னு கவுண்டர்ல கேட்டுட்டு புக் பண்ணுங்க.

8 ஜூன்
கேட்டவரு நேத்து ஃபோன்லயே பேசிட்டாரு. போயிட்டு வந்துட்டாங்க. அம்மா, வீட்டம்மா, சின்னவன் படகுல. அவரும் பெரியவனும் தெப்பத்துல. சவாரி போகல. அத மொதல்ல சொன்னாரு.

யானை பாக்கல. படகுலயும் இல்ல, தெப்பத்துலயும் இல்ல. மிளா, காட்டுப்பன்னி, தூரத்துல ஒரு இருவாச்சி பறந்துச்சாம், றெக்கை சத்தம் ரயிலு மாதிரி கேட்டுச்சாம். பெரியவன் மூஞ்சி தொங்கிப் போச்சாம், அப்பா சொன்னாரே யானைன்னு.

கைடு பளியர், சின்ன வயசுப் பையனாம். ஏரிக்கரை சேத்துல யானையோட முன்னங்கால் தடம் ஒண்ணு, காலைல பதிஞ்சது, ஓரம் கூட காயல. அந்தக் கைடு தோள்ல கெடந்த துண்ட எடுத்து பையன் கையில குடுத்து, தடத்த சுத்தி ஒரு சுத்து வைக்கச் சொல்லிருக்காப்ல. சுத்து முடியுற எடத்துல முடிச்சு. அந்த அளவு ரெண்டு தடவ வச்சா அதான் யானையோட தோள் உயரம். பக்கத்துல இருந்த மரத்துல அடியிலேர்ந்து ஒரு அளவு வச்சு, அதுக்கு மேல இன்னொரு அளவு வைக்க பையனுக்கு எட்டல, அப்பா தூக்கிப் புடிச்சாராம். அங்க கைய வச்சுக்கிட்டு கீழ எறங்க மாட்டேன்னுட்டானாம்.

இப்ப கோயமுத்தூர் வீட்டு ஹால் சுவத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கான், 8 அடி 4 அங்குலம். வர்றவங்கள எல்லாம் அதுக்குக் கீழ நிக்க வச்சுப் பாக்குறானாம்.